நிலுவை

வேலைக்கு வா, சம்பளத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரு முதலாளி சொன்னால் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று நமக்குத் தெரியும். அதையே ஒரு சர்க்கார் சொன்னால் அதற்கு நிதி நெருக்கடி என்று பெயர். இரண்டுக்கும் நடுவே தார்மீக வித்தியாசம் ஏதாவது உண்டா என்பதுதான் நான் எடுத்துக்கொள்கிற கேள்வி. இது பொருளாதாரப் பத்திரிகையின் சமாசாரம், கவிதையும் விமர்சனமும் வருகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கக்கூடும். தமிழில் சிறுபத்திரிகைகள் பிழைத்து வந்ததே முதல் தேதிச் சம்பளத்தில்தான். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் உத்தியோகம் பார்த்தவர். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர். அச்சுக் கூலியும் காகித விலையும் யாரோ ஒரு குமாஸ்தாவின் சம்பளக் கவரிலிருந்து போயிருக்கின்றன. அப்படியிருந்தும் அந்தக் குமாஸ்தாவின் சலிப்பை, அவனுடைய ஃபைலை, மேலதிகாரியை, பஸ் நெரிசலை எழுதிய அளவுக்கு அவன் சம்பளத்தை நாம் யோசித்ததில்லை. சம்பளம் என்பது அலுப்புக்குத் தருகிற விலை என்று ஒரு சுலபமான கணக்கைப் போட்டு விட்டுவிட்டோம். சார்லஸ் லாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குக் காரியாலயத்தில் 33 வருஷம் உட்கார்ந்து, 1825ல் பென்ஷனோடு வெளியே வந்து, அந்தத் திகைப்பை ஒரு கட்டுரையாக்கினான். பென்ஷன் வராமல் போயிருந்தால் என்ன எழுதியிருப்பான் என்று நான் பி.ஏ. படித்த நாளில் எந்த வாத்தியாரும் கேட்கவில்லை.

கேள்வி சுத்தமான வடிவில் கிடைப்பது அமெரிக்காவில். அங்கே 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள், மத்திய அரசின் பெரும் பகுதி செலவுக்கு அனுமதியில்லாமல் கிடந்தது. ஏறத்தாழ 14 லட்சம் பேருக்குச் சம்பளம் வரவில்லை. அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். விமானங்களை வழிநடத்துகிறவர்கள், சிறைக் காவலர்கள் போன்றவர்கள் அவசியமானவர்கள். அவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வரவேண்டும். மற்றவர்கள் வீட்டில் இருக்கவேண்டும். இதற்கு அடிப்படையான சட்டம் 1884ல் வந்தது, ஒதுக்காத பணத்தை எந்த அதிகாரியும் செலவழிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நூறு வருஷம் வரை அதை யாரும் இவ்வளவு கண்டிப்பாக வாசிக்கவில்லை. ஒதுக்கீடு தாமதமானால் ஆபீசுகள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தன. 1980ல் அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அந்தச் சட்டத்துக்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம் சொன்ன பிறகுதான் கதவுகள் மூட ஆரம்பித்தன. ஒரு வக்கீலின் வாசிப்பு முறை மாறியதால் வந்த வினை என்று சொல்லலாம். வாசிப்பைப் பற்றி ஓயாமல் பேசுகிற நாம் இதைக் கவனிப்பது நல்லது.

35 நாள் நீடித்த இதற்கு முந்தைய மூடலின்போது, 2019ல், அங்கே ஒரு சட்டம் வந்தது. மூடல் முடிந்ததும் இரண்டு கூட்டத்துக்கும் பாக்கிச் சம்பளம் முழுதாகத் தரப்படும் என்றது. 2025ல் வெள்ளை மாளிகைத் தரப்பிலிருந்து, வீட்டிலிருந்தவர்களுக்கு அது தானாகக் கிடைக்காது என்று ஒரு பேச்சு கிளம்பியது. கடைசியில் மூடலை முடித்த சட்டம் எல்லாருக்கும் உண்டு என்று உறுதி செய்தது. இடையில், செலவுக்கு ஓட்டுப்போட முடியாத காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் நிற்கவில்லை. அது அரசியல் சாசனத்தில் கட்டிவைத்த சம்பளம்.

நம் நாட்டில் இப்படி நடக்காது. காரணம் நம்முடைய கருணையல்ல, அரசியல் சாசனத்தின் 116, 206 என்ற இரண்டு ஷரத்துகள். பட்ஜெட் முழுதாக நிறைவேறாவிட்டாலும் சில மாதச் செலவுக்கு முன்பணமாக அனுமதி வாங்கிக்கொள்ள அவை வழி விடுகின்றன. 2016 மார்ச்சில் உத்தரகாண்டில் நிதி மசோதா நிறைவேறியதா இல்லையா என்று தகராறு வந்து ஆட்சியே தொங்கியபோது, மாதம் முடிகிற நாளில் ஒரு அவசரச் சட்டம் போட்டு ஓட்டையை அடைத்தார்கள். நம் சாசனத்திலும் ஓட்டெடுப்புத் தேவைப்படாத சம்பளங்கள் உண்டு: கவர்னர், சபாநாயகர், ஹைகோர்ட் நீதிபதிகள். மற்றவர்களுடைய சம்பளம் நிற்குமானால் அது சட்டசபையில் நிற்காது; கஜானாவில் நிற்கும். ஒரு மாநிலம் தொடர்ந்து 14 வேலை நாட்களுக்கு மேல் ஓவர்டிராஃப்டில் இருந்தால் ரிசர்வ் வங்கி அதன் பட்டுவாடாவை நிறுத்திவிடலாம் என்பது விதி. ஆகையால் நிதிச் செயலர்கள் எந்த பில்லை இந்த வாரம் விடுவது, எதை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்று பார்க்கிறார்கள். கதவை மூடுவதில்லை. வரிசையில் யார் பின்னால் நிற்பது என்று தீர்மானிக்கிறார்கள்.

2024ல் அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்கள் சமக்ர சிக்ஷா திட்டத்து ஊழியர்கள். மத்திய அரசின் பங்காக வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு வரவில்லை. பி.எம். ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்பது டெல்லியின் நிபந்தனை. மும்மொழி ஏற்க மாட்டோம் என்பது சென்னையின் பதில். சிறப்புப் பயிற்றுநர்கள், பகுதிநேர ஆசிரியர்கள், கணக்காளர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு 2024 செப்டம்பர் மாதச் சம்பளம் உரிய நாளில் வரவில்லை. பிறகு மாநில அரசு தன் பணத்திலிருந்து ஏற்பாடு செய்தது. மொழிக் கொள்கையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. அதை இங்கே வாதிடப் போவதில்லை. இரண்டு அரசுகள் ஒரு கொள்கைக்காக மோதும்போது, அந்தக் கொள்கையை வகுக்காத, அதை மாற்ற அதிகாரமில்லாத மூன்றாவது ஆளின் அரிசிப் பணம் தராசில் எடைக்கல்லாக வைக்கப்படுகிறது. மனிதனை வெறும் உபகரணமாக நடத்தாதே என்று காண்ட் சொன்னதைத் தத்துவ வகுப்பில் ஒப்பிப்போம். உபகரணமாவது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அந்த அக்டோபரில் தியாகராய நகரில் எங்கள் கவுண்டருக்கு வந்திருக்கலாம்.

வந்தவர் ஒரு அரசுப் பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தனிநபர் கடன் ஒன்று எங்களிடம் இருந்தது, 5ந்தேதி தவணை. சம்பளம் வரவில்லை, தவணை திரும்பிவிட்டது, திரும்பியதற்கு ஒரு கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. பாஸ்புத்தகத்தை நீட்டி, "சார், சம்பளம்தான் வரலை. தவணை மட்டும் எப்படி சார் தேதி தவறாம வருது?" என்று கேட்டார். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது, மேனேஜருக்கு இருந்த அதிகாரம் அவருக்கு மேலே போய்விட்டது, மேலே கம்ப்யூட்டர் இருக்கிறது. அபராத வட்டி என்ற சொல்லை 2024 ஏப்ரலிலிருந்து ரிசர்வ் வங்கி எடுத்துவிட்டு அபராதக் கட்டணம் என்றாக்கியது. வட்டிக்கு வட்டி குட்டி போடாமலிருக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் தாமதத்துக்கு அபராதம் என்கிற நியாயத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் யார் பொருந்தச் செய்தார்கள் என்பது அந்தச் சொல் மாற்றத்தில் வரவில்லை.

இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறதென்று நினைக்கிறேன். வராத சம்பளம் என்பது ஒரு கடன். கொடுத்தவர் ஊழியர், வாங்கியவர் அரசு. கடன் கொடுக்க ஊழியர் சம்மதிக்கவில்லை, தவணை தீர்மானிக்கப்படவில்லை, வட்டி கிடையாது, ஈடு கிடையாது. எங்கள் வங்கியில் இப்படி ஒரு கடன் மனுவை நான் மேஜைமேல் வைத்தால் என் மூளையைச் சோதிக்கச் சொல்வார்கள். பாக்கியை முழுதாகக் கொடுத்துவிட்டோமே என்று பிறகு சொல்கிறவர்கள் அசலைத் திருப்பியதை தானம் மாதிரிச் சொல்கிறார்கள். 2019ன் அமெரிக்கச் சட்டத்திலும் வட்டி பற்றிப் பேச்சில்லை.

வட்டி கேட்பது கேலிக்குரியதல்ல என்று நம் கோர்ட்டுகளே சொல்லியிருக்கின்றன. 2020 மார்ச்சில், கொரோனாவைச் சொல்லி, ஆந்திர அரசு சம்பளத்திலும் பென்ஷனிலும் ஒரு பகுதியை ஒத்திவைத்தது. பின்னால் கொடுத்தும்விட்டது. ஆனாலும் வழக்கு நடந்தது. 12 சதவீத வட்டி தரவேண்டும் என்றது ஹைகோர்ட். 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சம்பளமும் பென்ஷனும் ஊழியரின் உரிமை, சலுகையல்ல என்று சொல்லி, வட்டியை 6 சதவீதமாகக் குறைத்து உறுதி செய்தது. தண்டனையாக அல்ல, தாமதத்துக்கு ஈடாக என்று விளக்கமும் தந்தது. கேரளம் இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது. மாதம் ஆறு நாள் சம்பளம், ஐந்து மாதம் பிடித்து வைக்கிறோம் என்று உத்தரவு போட்டார்கள். சட்ட ஆதாரம் எங்கே என்று கேட்டு ஹைகோர்ட் நிறுத்தியது. இரண்டொரு நாளில் ஒரு அவசரச் சட்டத்தை ஆதாரமாகத் தயாரித்துக்கொண்டார்கள். ஆட்சியிலிருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள் என்பதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. முதலாளி ஸ்தானத்தில் உட்காருகிறவனுக்கு முதலாளியின் பார்வை வந்துவிடுகிறது, அவன் அலமாரியில் எந்தப் புத்தகம் இருந்தாலும்.

இதைவிட ருசிகரமானது தமிழ்நாட்டு அரசின் மனு. 2,152 கோடியை நிறுத்தியதற்காக 2025 மே மாதம் மத்திய அரசின்மேல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அதில் அசலோடு வட்டியும் கேட்டார்கள், 6 சதவீதம். சரியான கோரிக்கை, பணம் தாமதமானால் அதைப் பெறவேண்டியவனுக்கு நஷ்டம் என்பதை மாநிலம் எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. அதே வெளிச்சம் கீழ்நோக்கி, கல்லூரிச் சாலைக் கல்வி வளாகத்திலிருந்து ஓவிய ஆசிரியர் வரை விழுந்ததாகத் தெரியவில்லை.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்க வேண்டும். பனகல் பூங்கா ஸ்டாண்டில் எனக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர். வேலைக்கே போகாத அமெரிக்கச் சிப்பந்திகளுக்கு 43 நாள் சம்பளம் கிடைத்தது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "வண்டி ஓடாத நாளுக்கு எனக்கு யாரு சார் துட்டு குடுப்பா? மழைல நாலு நாள் படுத்தா நாலு நாளும் அவுட்டு" என்றார். இதற்குச் சுலபமான பதில் இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தன்மேல் ஜனங்களுக்கு இருக்கிற எரிச்சலைப் படித்தவர்கள் பொறாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் ஒரு நியாய உணர்ச்சி இருக்கிறது. உழைப்புக்குக் கூலி, உழைக்காத நாளுக்கு எதன் கூலி?

கூலி எதற்காக என்பதில்தான் பதில் இருக்கவேண்டும். ஆட்டோக்காரர் சவாரிக்குக் காசு வாங்குகிறார். மயிலாப்பூர் போக இஷ்டமில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ள அவருக்கு சுதந்திரம் உண்டு. அந்தச் சுதந்திரத்தின் விலை மழை நாள். உத்தியோகஸ்தன் விற்றிருப்பது சவாரியை அல்ல, தன் கட்டுப்பாட்டை. மூடல் காலத்தில் வீட்டிலிருக்கிற அமெரிக்க ஊழியன் தபால் பார்க்கக்கூட ஆபீசுக்குப் போகக்கூடாது, கூப்பிட்டால் அன்றே வரவேண்டும், வேறு வேலை பார்ப்பதானால் அதற்கும் விதிமுறைகள் உண்டு. கட்டிப்போட்ட மாடு மேயவில்லை, ஆகவே தீனி கிடையாது என்று சொல்வதற்கு ஒப்பாகும் அது. நம் தொழிற்சட்டம் இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டிருக்கிறது. ஆலை தன் காரணத்தால் வேலை கொடுக்க முடியாமல் லே-ஆஃப் செய்தால் பாதிச் சம்பளம் என்று 1953லிருந்து இருக்கிறது. ஏன் பாதி? நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்பது அதன் தர்க்கம். ஆலைக்கு நஷ்டம் வரலாம், ஆர்டர் போய்விடலாம். அரசுக்கு அப்படி என்ன போனது? வரி வசூல் நிற்கவில்லை, பணம் இருந்தது, கையெழுத்துத்தான் இல்லை.

மத்தேயு எழுதிய திராட்சைத் தோட்டக் கதை இந்த இடத்தில் ஞாபகம் வராமல் இருக்காது. சாந்தோமில் வளர்ந்தவர்கள் பிரசங்கத்தில் கேட்டிருப்பார்கள். காலையிலிருந்து வெயிலில் உழைத்தவனுக்கும் சாயந்திரம் ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ரஸ்கின் தன் புத்தகத்துக்குத் தலைப்பையே அங்கிருந்து எடுத்தான். அதை காந்தி சர்வோதயம் என்று குஜராத்தியில் சாரமாக எழுதினார். சிப்பாய்க்கும் பாதிரிக்கும் வைத்தியனுக்கும் கூலி பேரம் பேசாமல் நிலையாக இருப்பதுபோல் எல்லா உழைப்புக்கும் இருக்கலாமே என்பது ரஸ்கினின் வாதம். அந்தக் கதையில் நம் பாதிரிமார் கடவுளின் தாராளத்தைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது வேறு. சாயந்திரம் வந்தவர்கள் சோம்பேறிகளல்ல. நாள் முழுக்கத் தெருமுனையில் நின்றவர்கள், யாரும் கூப்பிடாதவர்கள். விடியற்காலையில் நம் முச்சந்திகளில் தூக்குச்சட்டியோடு நிற்கிற கொத்தனாரும் சித்தாளும் அவர்கள்தான். நிற்பதும் ஒரு நாளைத் தின்கிறது. காலையில் வந்தவர்களின் முணுமுணுப்பும் நியாயமானதுதான், நான் அதை எளிதாகத் தள்ள மாட்டேன். 43 நாள் சம்பளமில்லாமல் வானத்தைக் காத்தவனுக்கும் வீட்டிலிருந்தவனுக்கும் கடைசியில் ஒரே தொகை என்றால் முன்னவனுக்கு மனம் கசக்கும். அந்தக் கசப்புக்கு மருந்து பின்னவனிடமிருந்து பிடுங்குவதில் இல்லை. முன்னவனுக்குக் கூடுதலாக ஏதாவது கொடுப்பதில் இருக்கலாம். எந்தச் சட்டமும் அதை யோசிக்கவில்லை. எஜமானிடம் ஒரு வித்தியாசம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது: அவன் அன்று சாயந்திரமே கொடுத்துவிடுகிறான்.

சம்பள பாக்கி வெறும் பாக்கியாக நிற்பதில்லை, அதைச் சுற்றி வட்டிக்காரர்கள் முளைக்கிறார்கள். இது சென்னைக்குப் பழைய கதை. சேப்பாக்கத்து அரண்மனையிலிருந்த ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1777ல் ஒரு குதிரைப்படையைக் கலைக்கவேண்டி வந்தது. கலைப்பதற்கு முன் வீரர்களுக்குச் சம்பள பாக்கியைத் தீர்க்கவேண்டும், பணமில்லை. டெய்லர், மெஜெண்டி, கால் என்று மூன்று ஆங்கிலேயர்கள் பாக்கியை நாங்கள் கொடுக்கிறோம் என்று முன்வந்து, ஈடாக நிலவரி வருமானத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு, கொடுக்கவேண்டியதை இழுத்தடித்தார்கள். படை கலையவில்லை, செலவு ஏறியது, பட்டினி கிடந்த குதிரைக்காரர்கள் கலகம் செய்தார்கள். எட்மண்ட் பர்க் இதையெல்லாம் 1785 பிப்ரவரி 28 அன்று பார்லிமென்டில் கிழித்துக் காட்டினான். நவாபின் கடன்கள் பற்றிய அந்தப் பேச்சை உரைநடை அழகுக்காகப் பாடம் வைப்பார்கள். எனக்கு இப்போது அதில் அழகைவிடக் கணக்குத்தான் கண்ணில் படுகிறது: கடன் கொடுத்தவர்களுக்குக் கர்நாடகத்தின் வயல்கள் ஈடாயின, சம்பளம் வராதவனுக்கு ஈடாக எதுவும் இல்லை. அர்த்தசாஸ்திரம் நல்லொழுக்கத்துக்குப் பெயர் போனதல்ல. அதுகூட, கஜானா வறண்டால் காட்டுப் பொருளையும் ஆடுமாடுகளையும் நிலத்தையும் கொஞ்சம் காசையும் கொடு என்கிறது. ஒன்றுமே கொடாதே என்று கௌடில்யனுக்குத் தோன்றவில்லை.

2003ஐப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. அந்த வருஷம் ஜூலையில், பென்ஷனிலும் பிற சலுகைகளிலும் கைவைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 4ந்தேதி ஒரு அவசரச் சட்டம்; அதைத் தொடர்ந்து 1 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் வேலை நீக்கம். ஆகஸ்ட் 6ந்தேதி ரங்கராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. மன்னிப்புக் கடிதமும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துப் பெரும்பாலானவர்கள் திரும்பினார்கள். தண்டனை நடவடிக்கைகள் 2004ல், தேர்தல் தோல்விக்குப் பிறகு, ரத்தாயின. தார்மீகம் ஓட்டுப்பெட்டி வழியாக வந்தது.

சட்டத்தைப் பற்றி நீதிபதிகள் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அது அவர்கள் உத்தியோகம். தார்மீக உரிமை இல்லை என்று எந்த ஷரத்தின்கீழ் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அது கோர்ட்டின் எல்லைக்குள் வருகிற பூமியா? சரி, ஒரு வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். ஊழியன் வேலையை நிறுத்தினால் பொதுஜனங்கள் அவதிப்படுகிறார்கள், ஆகையால் அவனுக்குத் தார்மீக உரிமை கிடையாது. அப்படியானால் அரசு சம்பளத்தை நிறுத்துவதற்குத் தார்மீக உரிமை எங்கிருந்து வருகிறது? அவன் வீட்டிலிருப்பவர்கள் பொதுஜனங்களில் சேர்த்தியில்லையா? ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு முனைகள் இவை. வங்கிக்காரர்களான எங்களுக்கு இந்தப் பாடம் முன்பே நடந்திருக்கிறது. 1977 டிசம்பர் 29ந்தேதி பேங்க் ஆப் இந்தியா ஊழியர்கள் நாலு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்துவிட்டு மீதி நேரம் வேலை பார்த்தார்கள். முழு நாள் சம்பளத்தையும் பிடிக்க நிர்வாகம் முடிவு செய்தது. 1990ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. நாலு மணி நேரத்துக்கு ஒரு நாள். இந்த விகிதத்தை மறுபுறம் வைத்துப் பார்த்தால், 15 நாள் சம்பளத்தைத் தாமதித்த அரசு எத்தனை நாள் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்று கணக்குப் போடுவது குமாஸ்தா புத்திதான். யாராவது போடவேண்டும்.

சம்பளம் வராதபோது தினமும் தவறாமல் வேலைக்கு வருகிறவனைப் பத்திரிகைகள் கடமை வீரன் என்று புகழ்வதும் எனக்கு உவப்பாயில்லை. புகழ்கிறவர்கள் எவரும் அவன் வீட்டு மளிகைக் கணக்கைத் தீர்க்கவில்லை. வருகிறவன் தியாகத்தால்தான் வருகிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி? வராவிட்டால் வேலை போய்விடும் என்பதால் வரலாம், போக வேறு இடமில்லாததால் வரலாம். வாங்காத சம்மதத்தை வாங்கியதாகக் காட்டவே தியாகம் என்ற சொல் இந்த இடத்தில் உபயோகமாகிறது. 2003ல் பீகார் வழக்கொன்றில், கபிலா ஹிங்கோரானி தொடுத்தது, மாநிலப் பொதுத்துறைக் கம்பெனிகளில் வருஷக்கணக்காகச் சம்பளம் வராமல் ஊழியர்கள் பட்டினியால் செத்ததும் தற்கொலை செய்துகொண்டதும் சுப்ரீம் கோர்ட் முன் வந்தது. கம்பெனி வேறு, நாங்கள் வேறு என்று மாநில அரசு வாதிட்டது. இடைக்கால நிவாரணமாக 50 கோடி கட்டச் சொல்லி உத்தரவாயிற்று. அந்த ஊழியர்களும் தினமும் ஆபீசுக்குப் போய் வந்தவர்கள்தான்.

செய்தியாகிற மூடல்களோடு இந்த விஷயம் முடிந்துவிடுவதில்லை. செய்தியாகாமல் வருஷாவருஷம் வருகிற மூடல் ஒன்று நம் ஊரில் இருந்தது. 2012ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கம்ப்யூட்டர் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள், வாரம் மூன்று அரை நாள். 2024ல் அது 12,500 ஆயிற்று. மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் வருஷக்கணக்கில் மே மாதத்துக்குச் சம்பளமில்லை. பதினோரு மாத வயிறு என்று ஒன்று இருக்கிறது போலும். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று வந்து நிற்கவேண்டும். மேயில் அவர்கள் யாருடைய ஊழியர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. 2023 செப்டம்பரில் கல்லூரிச் சாலை வளாகத்தில் பிற ஆசிரியர்களோடு இவர்களும் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நுங்கம்பாக்கத்தில் அன்று டிராஃபிக் நெரிசலைப் பற்றித்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் பேசினார்கள்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணைகளை ஒத்திப்போட ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில் வழி செய்தது. எங்கள் கம்ப்யூட்டரும் கீழ்ப்படிந்தது. சம்பளம் தரவேண்டியது அரசு, அது தாமதித்தால் அந்த ஊழியரின் தவணையைத் திருப்பாமல் நிறுத்தி வைக்க ஒரு விதி எழுதுவதற்கு ஒரு மத்தியானம் போதும். வட்டி கொடுக்கவும் புதுச் சட்டம் வேண்டியதில்லை, ஆந்திரத் தீர்ப்பின் விகிதம் இருக்கிறது, சுப்ரீம் கோர்ட்டில் மாநிலமே எழுதிக் கொடுத்த விகிதமும் அதுதான்.

ஓவிய ஆசிரியர் போன பிறகு சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12,500 ரூபாய், 15 நாள் தாமதம் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 6 சதவீதம் வீதம் 30 ரூபாய் 82 காசு வருகிறது. தவணை திரும்பியதற்கு நாங்கள் பிடித்தது அதைப் போலப் பல மடங்கு.